மைக்கில் ஒரு குறையும் இல்லை

மைக், ஸ்பீக்கர் வேலைக்கென்று புதிதாக வந்து மேசை பிடித்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எழுதுவது அதைவிடக் கஷ்டம். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இடையில் அவள் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். திரும்ப வாசிக்கச் சொல்லி, அடிக்கச் சொல்லிவிடுவேன்.

வேலையை எப்படிச் செய்வதென்று நான் சொல்லப்போவதில்லை. அது மேசையில் உட்கார்ந்தால் தானாக வரும். நம் ஊர் உப்புக்காற்றில் ஸ்பீக்கர் பின் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும், அதைத் துடைக்கப் பழகிவிடுவீர்கள். மைக் ஓட்டையை அழுக்கென்று நினைத்து ஊக்கால் குத்திவிட்டு, “நான் ஒண்ணுமே பண்ணலையே” என்று வந்து நிற்பவர்களையும் பார்ப்பீர்கள். அவர்களிடம் கோபப்படாமல் இருக்கவும் பழகிவிடுவீர்கள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஏரல்காரப் பெண் ஒருத்தியின் விஷயம். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் மனசை விட்டுப் போகாதது அது ஒன்றுதான்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய்தான் கட்டுவார்கள். கிழிந்த ஸ்பீக்கருக்குக் காயில் சுற்றுவதும் கூம்பு ஒட்டுவதும் என் வேலை. அவர் போன பிறகு இங்கே தூத்துக்குடியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். சத்தக் கோளாறு என்று எந்தப் பெட்டி வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். திரையில் எழுத்து வாசித்துச் செய்கிற வேலையை அந்தோணி செய்வான். காதால் செய்கிற வேலையை நான் செய்வேன். அந்தோணிக்கு அப்போது முப்பது வயதிருக்கும். நல்ல கைக்காரன். என்னைப் பெரியம்மா என்பான்.

அந்த ஏரல்காரப் பெண்ணின் பேர் பொன்மணி. முதல் தடவை வந்தபோது லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு ஏரல் கடைத்தெருவில் பாத்திரக் கடை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, படுத்த படுக்கையாகிவிட்டார். அவளுடைய அண்ணன் ராஜதுரை கப்பலில் என்ஜின் பக்கம் வேலை பார்க்கிறான். நினைத்த நேரத்தில் இறங்கி வர முடியாது. கப்பலில் நெட் கிடைக்கிற நேரத்தில் லேப்டாப்பில் கூப்பிட்டு அப்பாவிடம் பேசுவான்.

“யக்கா, எங்க அப்பா பேசுதது அண்ணனுக்குக் கேக்கலையாம். ஃபேன் சத்தமும் பஸ் சத்தமும்தான் கேக்காம். அவரு வாயசைப்பாரு, அவன் ‘என்னப்பா, என்னப்பா’ம்பான். இவரு மூச்சு வாங்கி மறுபடியும் சொல்லுவாரு. அதுக்கு மேல தெம்பு இருக்காது. கண்ண மூடிருவாரு.”

“ஃபேன நிறுத்திட்டுப் பேசச் சொல்லுதது?”

“ஃபேன நிறுத்துனா மூச்சு முட்டுது யக்கா. பஸ்ஸ யாரு நிறுத்த?”

நான் மைக்கைப் பார்த்தேன். உப்பு பூத்திருந்ததைத் துடைத்தேன். மற்றபடி மைக் நல்ல மைக்தான். இது கம்பி வேலை இல்லை என்று சொல்லி அந்தோணியிடம் தள்ளினேன். அவன் உள்ளே போய் ஒரு வசதியைத் திறந்துவிட்டான். நீங்கள் எல்லாரும் தினமும் திறந்துவிடுகிற வசதிதான். ஆள் பேசுகிற பேச்சு எது, மற்ற இரைச்சல் எது என்று அந்தப் பெட்டியே பிரித்துப் பார்த்து, பேச்சை மட்டும் அனுப்பும். இரைச்சலை வெட்டிவிடும். எங்களுக்கு அப்போது அது புதுசு.

ஃபேனைப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு அந்தோணி லேப்டாப் முன்னால் பேசினான். லேப்டாப்பிலிருந்து அவன் போனுக்குக் கால் போட்டிருந்தான்; நான் அந்தப் போனை வாங்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்று கேட்டேன். கடை வாசலில் உப்பு லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது என் கண்ணுக்குத் தெரிகிறது; போனில் அந்த ஆரன் இல்லை. அந்தோணி குசுகுசுவென்று பேசியதுகூடக் காதுக்குள் வந்து உட்கார்ந்து சொன்ன மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷமாக மைக்கோடு மல்லுக்கட்டினவள் நான். இரைச்சலை விரட்டுவதற்கு நானும் என் வீட்டுக்காரரும் படாத பாடு இல்லை. அன்றைக்கு அசந்துபோனேன்.

“இனிமே பேச்சு மட்டும்தான் யக்கா போவும். மத்த சத்தம் எல்லாத்தையும் இது வெட்டிரும்” என்று அந்தோணி சொல்லிக்கொடுத்தான்.

“அதுதான் தம்பி எங்களுக்கு வேணும்” என்றாள் பொன்மணி.

அடுத்த வாரமே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். அப்பாவும் அண்ணனும் ரொம்ப நேரம் பேசினார்களாம். கடையை யாருக்குக் கொடுக்கலாம், கிழக்கு வயலை என்ன செய்யலாம், உன் அம்மையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னாராம். அண்ணன் ஒரு தடவைகூட ‘என்னப்பா’ என்று கேட்கவில்லையாம். அந்தச் சீப்பில் ஒரு பழம்கூட நான் யாருக்கும் கொடுக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல வேலை செய்தால் அந்தப் பழத்துக்கு ஒரு ருசி உண்டு. அது நல்ல வேலைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் அவளைக் காணவில்லை. அவளுடைய அப்பா இறந்துபோனது எங்களுக்குத் தெரியாது.

பல மாசம் கழித்து ஒரு நாள் மத்தியானம் வந்தாள். முகம் வற்றியிருந்தது. லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு, “இத நல்லாப் பாருங்க யக்கா. பாத்துட்டு இதுல மைக் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க” என்றாள்.

கெட்டுப்போயிருக்கிறதா பாருங்கள் என்று அவள் கேட்கவில்லை. கெட்டுப்போச்சு என்று சொல்லச் சொன்னாள். இப்படிக் கேட்டு ஒரு ஆள் வந்தால் வேலையைத் தொடாதீர்கள். முதலில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அவள் சொன்னது இதுதான். அப்பா இறந்த அன்றைக்கு அண்ணனின் கப்பல் நடுக்கடலில் இருந்தது. அவனால் வர முடியாது. அதனால் அப்பாவின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் லேப்டாப்பை வைத்து அவனைக் கூப்பிட்டார்கள். கப்பலில் நெட் இழுத்து இழுத்து வந்ததால் படத்தை நிறுத்திவிட்டு வெறும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே ஊரே கூடிக் கிடக்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுகிறார்கள். சங்கு ஊதுகிறார்கள், சேகண்டி அடிக்கிறார்கள். அவளுடைய அம்மை அந்த லேப்டாப்பையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகன் காதில் விழட்டும் என்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதாள். நடுவில் பொன்மணி, “அண்ணே, கேக்காண்ணே?” என்று கேட்டிருக்கிறாள். “கேக்கு” என்றிருக்கிறான்.

“அவனுக்கு என்ன கேட்டுச்சு தெரியுமா யக்கா? ‘பால் வந்துட்டா’ன்னு யாரோ கேட்டது கேட்டிருக்கு. ‘ஐஸ் பெட்டிக்காரன எப்ப வரச் சொல்லிருக்கு’ன்னு எங்க சித்தப்பா கேட்டது கேட்டிருக்கு. டீ பத்தலன்னு ஒருத்தர் சொன்னது கேட்டிருக்கு. எங்க அம்மை அழுதது மட்டும் கேக்கலையாம். எங்க அப்பாவுக்கு அழ அந்த வீட்டுல ஒரு ஆளு இல்லியான்னு கேக்கான்.”

“நீ எடுத்துச் சொல்லலியா?”

“சொல்லாம இருப்பனா? ‘பேச்சு அத்தனையும் மணி மாதிரி கேட்டுச்சு, அழுகை மட்டும் எப்படிக் கேக்காமப் போவும்’ங்கான். அம்மை ஒரு நாள் அலுப்புல, ‘இவரு கஷ்டம் தீந்தாச் சரி’ன்னு போன்ல சொல்லிட்டா. பாத்துப் பாத்து ஓய்ஞ்சவ சொன்ன வார்த்த யக்கா அது. அதப் புடிச்சுக்கிட்டான். நீங்க எல்லாம் அவரு எப்பப் போவாருன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கியன்னு அம்மை மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டான்.”

“அம்மை என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. நீ அழுதியான்னு பெத்த மகன் கேட்டா, ஆமா அழுதேன்னு வாயால சொல்லுவாளா? போன என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. அதோட பேச்சு இல்ல.”

இப்போது ராஜதுரை லீவில் வந்திருக்கிறான். வந்தவன் ஏரலுக்கு வீட்டுக்குப் போகவில்லை. தூத்துக்குடியில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிறான். அடுத்த கப்பலுக்கு உத்தரவு வந்தாகிவிட்டது. தாயை எட்டிப் பார்க்காமலே ரயில் ஏறப்போகிறான். அதற்குள் மைக் கெட்டுப்போயிருந்தது என்று ஒரு கடைக்காரர் வாயால் அவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பொன்மணி ஓடி வந்திருக்கிறாள்.

அந்தோணி லேப்டாப்பைத் திறந்து தன் செல்போனுக்கே ஒரு கால் போட்டான். நீங்கள் செய்வது போலத்தான் செய்தான். “ஹலோ ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு.” போனில் கண்ணாடி மாதிரி கேட்டது. நானும் “ஹலோ” சொல்லிப் பார்த்தேன். அதுவும் கேட்டது. நாங்கள் இதைச் செய்து முடிப்பதற்குள் பொன்மணி தன் போனில் அண்ணனைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்தோணி கையில் கொடுத்துவிட்டாள். அவள் கண் அவனைக் கெஞ்சுகிறது. கெட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்கிறது.

அந்தோணி பொய் சொல்லாத பையன். “சார், மைக்ல ஒரு குறையும் இல்ல. நல்லா கிளியரா இருக்கு” என்றான்.

“எனக்கும் கிளியராத்தான் சார் கேட்டுச்சு. அதான் என்னால தாங்க முடியல” என்றது அந்தப் பக்கம். போன் வைக்கப்பட்டுவிட்டது.

எங்கள் தொழிலில் நாங்கள் சொல்கிற வார்த்தைக்கு ஊரில் மதிப்பு உண்டு. அந்த மதிப்பை வைத்து அன்றைக்கு ஒரு தாய்மேல் பழியை ஆணியடித்து வைத்துவிட்டோம். அதுவும் உண்மையைச் சொல்லி.

பொன்மணி அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற அழுகை. அந்தோணிக்குப் பெண்கள் அழுதால் நிற்க முடியாது. தன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டான். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மேசைமேல் கிடந்த லேப்டாப் பேசியது.

“பெரியம்மா, அந்த யக்கா போயிட்டாவளா? சத்தத்தையே காணோம்.”

அந்தோணியின் குரல். சோதித்துப் பார்க்கப் போட்ட காலை அவன் நிறுத்தவே இல்லை. தெருமுனை தாண்டிப் போய், போன் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் காதில் வைத்திருக்கிறான்.

“இங்கதாம்ல நின்னு கதறுதா. ஒனக்குக் கேக்கலையா?”

“நீங்க பேசுதது நல்லாக் கேக்கு பெரியம்மா. வேற ஒண்ணும் கேக்கலையே.”

பொன்மணி வாயைப் பார்க்கிறேன், திறந்து கிடக்கிறது. கடை முழுக்க அவள் அழுகைதான். “அந்தோணி, இப்ப?” என்றேன். “ஒண்ணுமில்ல.” “இப்ப?” “ஒண்ணுமே இல்ல பெரியம்மா. நீங்க இப்பன்னு கேக்குதது மட்டும்தான் கேக்கு.”

“ஏளா, அழுகைய நிறுத்திராத, இன்னும் கொஞ்சம் அழு” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்தோணி மூச்சு இரைக்க ஓடி வந்தான். என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. ஃபேன் சத்தம், பஸ் சத்தம், நாய் குரைப்பு எல்லாம் அந்தப் பெட்டிக்கு இரைச்சல். அழுகையும், அழுகையோடு இழுத்துச் சொல்கிற வார்த்தையும் அதற்கு இரைச்சல்தான். சங்கும் சேகண்டியும் இரைச்சல்தான். பால் வந்துட்டா என்று கேட்டால் அது பேச்சு. அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பொன்மணியின் அப்பா பேசுவது கேட்கட்டும் என்று நாங்கள் திறந்துவிட்ட வசதி, அவர் போன பிறகும் திறந்தே கிடந்திருக்கிறது.

மத்த சத்தம் எல்லாம் போகாது என்று அந்தோணி முதல் தடவையே சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். மத்த சத்தம் என்றால் அழுகையும்தான் என்று எங்கள் மூன்று பேரில் யார் நினைப்போம்? அழுகையை யார் இரைச்சல் என்பார்கள்?

ராஜதுரையைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அந்தோணி பைக்கை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்கே போனான். ராஜதுரை நம்பவில்லை. “இப்பத்தான சார் மைக்ல ஒரு குறையும் இல்லன்னிய. அதுக்குள்ள எப்படிக் குறை வந்துச்சு? தங்கச்சி அழுதவுடனே மாத்திச் சொல்லுதியளா?” என்றானாம். கேட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

“நீங்க எங்களை நம்ப வேண்டாம் சார். உங்க காதை நம்புங்க. போனப் புடிச்சுக்கிட்டு என்கூட பீச் ரோட்டுக்கு வாங்க. கடையில ஒருத்தர் அழுவாங்க. நீங்க பாருங்க” என்று அந்தோணி சொல்லியிருக்கிறான்.

சொல்லிவிட்டு எங்களுக்குப் போன் போட்டான். அழுவது யார்? பொன்மணியைக் கேட்டோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எங்க அப்பாவுக்கு அழுதத நான் இன்னொரு தடவ நடிச்சுக் காட்டணுமா? முடியாது யக்கா. அவன் ரயிலேறிப் போனாலும் சரி” என்றாள். அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. அந்தோணி போனில், “பெரியம்மா, ஒப்பாரி வீடியோ ஒண்ண ஓட விடட்டுமா?” என்று கேட்டான். ராஜதுரை பக்கத்தில் இருந்துகொண்டு, “ரெக்கார்டு வேண்டாம்” என்று சொல்வது கேட்டது. அப்புறம் அந்தோணி ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் எதற்கென்று எனக்குத் தெரியும்.

“என்னல, நான் என்ன கூலிக்கு மாரடிக்கவளா?” என்றேன்.

“உங்கள விட்டா யாரு பெரியம்மா?”

முதலாளி அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். “காலையில விளக்கேத்திச் சாமி கும்புட்ட கடையில ஒப்பாரியா? நல்லாருக்கே ஒங்க நாயம்! நாளைக்கு ஒரு ஈ காக்கா உள்ள வருமா?” என்று சத்தம் போட்டார். அவர் பொன்மணியைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “நான் டீ குடிக்கப் போறேன். இங்கன என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது” என்று இறங்கிப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

இந்தத் தடவை படத்தோடு கால் போட்டோம். அந்தோணியும் ராஜதுரையும் கடலோரத்தில் நிற்கிறார்கள். நான் லேப்டாப் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். பட்டப்பகல், தெருவில் ஆள் போகிறார்கள், கடை போர்டுக்குக் கீழே உட்கார்ந்து அழ வேண்டும். கூச்சம் பிடுங்கித் தின்றது. அப்புறம் ஒரு ஆளை நினைத்துக்கொண்டேன். யாரை என்பது உங்களுக்கு வேண்டாம். நினைத்தவுடன் வந்துவிட்டது. ஒரு தடவை வந்துவிட்டால் நிறுத்துவது நம் கையில் இல்லை.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரி சண்முகக்கனி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். நம் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். ஒருத்தி அழுதுகொண்டிருந்தால் யார், என்ன என்று முதலில் கேட்க மாட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுவோம். கேட்பதெல்லாம் பிறகுதான். சண்முகக்கனி கையிலிருந்த காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என்னைவிட அதிகமாக அழுதாள். அவளுக்கும் நினைத்துக்கொள்ள ஆள் இருந்திருக்கும். இரண்டு பேரும் அழுது ஓய்கிற நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, சாதாரணக் குரலில் கேட்டாள்:

“யாரு யக்கா தவறிட்டாவ?”

கடலோரத்தில் நடந்ததை அந்தோணி பிறகு சொன்னான். ராஜதுரை போனைக் காதோடு வைப்பதும் எடுத்துப் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தானாம். இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். கிணற்றுக்குள் இறங்கின மாதிரி அமைதி. அவனுக்குக் கடல் அலைச் சத்தம்தான் கேட்கிறது. சத்தம் வராமல் ஏதோ தந்திரம் பண்ணியிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்திருக்கிறான். அந்த நேரத்தில்தான், “யாரு யக்கா தவறிட்டாவ” என்ற கேள்வி பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி அவன் காதில் விழுந்தது. சண்முகக்கனிக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அவள் குரலே சொல்லிவிட்டது. அழுதது போகவில்லை. கேட்ட கேள்வி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா வீட்டில் பால் வந்ததா என்று கேட்ட குரலும் அப்படித்தான் வந்திருக்கிறது.

அந்தோணி போனில் என்னிடம் அந்த வசதியை மூடச் சொன்னான். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று பொன்மணி வாசித்துச் சொன்னாள், அமுக்கினேன். சண்முகக்கனிக்கு விஷயம் தெரியாததால் அவள் இன்னும் விசும்பிக்கொண்டுதான் இருந்தாள். அந்த விசும்பல் போனில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ராஜதுரை, “போதும் சார், நிறுத்தச் சொல்லுங்க” என்று மணலில் உட்கார்ந்துவிட்டானாம்.

இந்த இடத்தில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ‘ஹலோ’ சொல்லிப் பார்த்துவிட்டு மைக் நல்லாயிருக்கிறது என்று ஒருவருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு எந்தச் சத்தம் போகவில்லை, எந்தச் சத்தம் கேட்கவில்லை என்று கேளுங்கள். கேட்டு, அந்தச் சத்தத்தையே போட்டுப் பாருங்கள். வீணை என்றால் வீணை. குழந்தை அழுகை என்றால் குழந்தை அழுகை. கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. இன்னொன்று: ஒரு வசதியைத் திறந்துவிட்டால், இதை எப்போது மூட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஒரு நாளைக்குச் செய்த நல்ல வேலை அடுத்த நாளைக்கும் நல்ல வேலையாகவே இருக்கும் என்று இல்லை. இதை அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. நாங்களாக யோசித்திருக்கவும் முடியாது. ஆனாலும் மனசு அதைக் கேட்பதில்லை.

ராஜதுரை கடைக்கு வந்தான். நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம். தங்கச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அந்தோணியிடம் ஒன்றுதான் கேட்டான்.

“சார், அன்னைக்கு வெட்டுன சத்தம் இந்தப் பெட்டிக்குள்ள எங்கயாவது கெடக்குமா? தோண்டி எடுக்க முடியுமா?”

அழிந்துபோன போட்டோவை எல்லாம் அந்தோணி மீட்டுக் கொடுத்திருக்கிறான். அதை மனசில் வைத்துக் கேட்டிருப்பான் போல. அந்தோணி லேப்டாப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“அத எங்கயும் எடுத்து வைக்காது சார். வந்த எடத்துலயே இல்லாமப் பண்ணிரும்.”

“கொஞ்சம்கூடவா?”

“இல்ல சார்.”

கெட்டுப்போன பெட்டி என்றால் பிரித்துப் போட்டு, ஊதி, துடைத்து, எப்படியாவது ஒரு முனகலாவது வரவைத்துவிடுவேன். அப்படி வரவைக்காமல் நான் திருப்பி அனுப்பிய பெட்டி குறைவு. இது நன்றாக இருக்கிற பெட்டி. இதில் நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அதை மூடித் துண்டில் சுற்றி பொன்மணி கையில் கொடுத்தேன். அண்ணனும் தங்கச்சியும் ஏரல் பஸ்ஸுக்கு நடந்து போனார்கள். ராஜதுரைதான் அதை வாங்கித் தூக்கிக்கொண்டு போனான்.

மீதியைப் பொன்மணிதான் பிறகு வந்து சொன்னாள். வீட்டுக்குள் போனபோது அம்மை அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாளாம். மகனைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். நடந்ததை எல்லாம் பொன்மணிதான் சொன்னாள். அம்மை பானையைக் கவிழ்த்து வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எம்மா, எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா. என்ன சொல்லி அழுத? ஒரு தடவ சொல்லும்மா, நான் கேக்கணும்” என்று அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டானாம்.

அம்மை கையைத் துடைத்துவிட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். சொல்லத்தான் பார்த்தாள். வாயைத் திறந்து முதல் வார்த்தையைச் சொன்னாள். அதற்கு அடுத்தது வரவில்லை. மறுபடியும் முதல் வார்த்தை. அதோடு நின்றுபோனது.

“அது அன்னைக்கு வந்தது ஐயா. உங்க அப்பா கண்ணு முன்னால கெடந்தாரு, வந்தது. இப்பக் கேட்டா எங்கன இருந்து வரும்?”

எழுந்து அவனுக்குத் தட்டு வைத்தாளாம்.